தொடரவா, நிறுத்தவா

டவர் கிரேனுக்கு ஒதுக்கிய வாக்கி டாக்கி சேனலில் வேறு பேச்சு கூடாது என்ற விதியை மும்பை வடாலாவில் உள்ள எங்கள் கட்டடப் பணித்தளத்தில் கொண்டுவந்தவன் நான். ஒருவர் பட்டனை அழுத்திப் பேசும்வரை அவருக்கு மற்றவர் குரல் கேட்காது. இருவர் சேர்ந்து அழுத்தினால் வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும், அல்லது இரண்டும் இரைச்சலாகிவிடும். கட்டடத்தின் மறுபக்கம் இறங்கும் சுமையை ஆபரேட்டரால் பார்க்க முடியாது. சுமையைப் பார்த்து வழிசொல்லும் சிக்னல்மேனின் குரல் தொடர்ந்து வந்தால் இறக்க வேண்டும், நின்றால் நிறுத்த வேண்டும். அத்தகைய சேனலில் யாரோ ஒருவர் டீ வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தால், 'ஸ்டாப்' என்ற குரல் எந்த வழியாகப் போய்ச் சேரும்?

ஜூன் மாதத்து மாலை ஒன்றில் கான்கிரீட் வார்க்கும் அச்சுப் பலகையான பெரிய ஷட்டரிங் பேனல் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆபரேட்டர் மேலிருந்து, "சார், காத்து ஒரு மாதிரியா இருக்கு" என்றார். நான் காற்றின் வேகத்தைக் கேட்டேன். அவர் சொன்ன எண் வரம்புக்குள்தான் இருந்தது. "தொடரவா, நிறுத்தவா? ஒண்ணு சொல்லுங்க" என்றேன். சற்று நேரம் சேனலில் ஒன்றுமில்லை. பிறகு, "தொடரலாம் சார்." பாதி வழியில் வீசிய காற்றில் பேனல் திரும்பிச் சாரத்தை உரசியது, கீழே கயிறு பிடித்திருந்தவர்கள் சமாளித்தார்கள். யாருக்கும் அடியில்லை என்பதால் அறிக்கை இரண்டு வரியில் முடிந்தது.

கேள்வி தெளிவானது, பதிலும் தெளிவானது; வானொலித் தொடர்புப் பயிற்சியில் இதை முன்மாதிரியாகவே காட்டலாம். ஆனால் பல கிரேன்களுக்குத் தயாரிப்பாளர்கள் விதிக்கும் மணிக்கு 72 கிலோமீட்டர் என்ற வரம்பு கிரேனுக்கானது. அகன்ற பேனலைக் காற்று பிடித்துத் தள்ளுவதை அந்த எண் சொல்லாது என்பது ஆபரேட்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'ஒரு மாதிரியா' என்று அவர் சொன்னது அதைத்தானா? அப்படியென்றால் நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, அந்த உரிமை அவருக்கு இருந்ததே என்று எனக்குள் வாதிடுகிறேன். மேலதிகாரி கறாரான குரலில் கேட்கும்போது, கிரேன் கேபினில் தனியாக அமர்ந்திருப்பவருக்கு அந்த உரிமை எவ்வளவு என்றும் உடனே தோன்றுகிறது.

பயிற்சி வகுப்புகளில் 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையத்தில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த விபத்தைச் சொல்வார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரமும் பான் ஆம் விமானமும் ஒரே நேரத்தில் பேசியதால், கேஎல்எம் விமானிகளுக்கு முக்கியமான சொற்களுக்குப் பதில் கீச்சொலிதான் கேட்டது. நானும் அதைச் சொல்லித்தான் பட்டன் ஒழுங்கைக் கற்பித்தேன். அந்தக் கேஎல்எம் விமானி அறையிலேயே இருந்த விமானப் பொறியாளர், பான் ஆம் இன்னும் ஓடுபாதையிலிருந்து விலகவில்லையா என்று கேட்டதையும், தலைமை விமானி உறுதியாக மறுத்ததும் அவர் பேச்சு அத்தோடு நின்றதையும் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவேன். அதில் வானொலிக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதால்.

விதியை நான் தளர்த்தவில்லை. தளர்த்தினால் பழைய சந்தைக்கடைதான். ஆபரேட்டர் தன் ஐயத்தைப் பேசத் தனியாக இன்னொரு சேனல் வைத்துப் பார்த்தேன், ஒருவரும் அதில் பேசவில்லை. அன்று நிறுத்த நினைத்தாரா என்று அவரிடமே பின்னொரு நாள் கேட்டேன். "மீட்டர் சரியாத்தானே காட்டுச்சு சார்" என்று சிரித்தார்.