பான்விட்ஸின் மேசைக்கு எதிரே

மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஆள் எடுக்கும்போது இன்டர்வியூ குழுவிலும் உட்காருவேன். அந்த நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்பதைப் பிரிமோ லெவியிடம்தான் கற்றேன்.

லெவியும் வேதியியலாளர்தான், இத்தாலியின் டூரின் நகரத்து யூதர். 1944 பிப்ரவரியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அவரை ரயிலேற்றினார்கள். கையில் 174517 என்று பச்சை குத்தினார்கள். அங்கே கட்டப்பட்டுவந்த செயற்கை ரப்பர் ஆலைக்கு வேதியியல் தெரிந்த கைதிகள் தேவைப்பட்டார்கள். தேர்வு நடத்தியவர் டாக்டர் பான்விட்ஸ்.

பட்டினியில் வற்றிய உடம்போடு லெவி மேசைக்கு எதிரே நிற்கிறார். எழுதி முடித்துத் தலைநிமிர்ந்து பார்க்கிறார் பான்விட்ஸ். அது மனிதனை மனிதன் பார்க்கும் பார்வையாக இல்லை என்று தன் முகாம் நினைவுகளில் எழுதுகிறார் லெவி. கேள்விகள் என்னவோ முறையானவைதான்: எங்கே படித்தாய், பட்டத்துக்கு என்ன ஆய்வு செய்தாய். பதில் சொல்லச் சொல்ல, தொலைந்தே போனதாக நினைத்த படிப்பெல்லாம் அவருக்குள் எழுந்து வருகிறது, பழைய பரீட்சைக் காய்ச்சலோடு. அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

திரும்பும் வழியில், கைதிகளை மேய்க்கும் அலெக்ஸின் கையில் கிரீஸ் ஒட்டிக்கொள்கிறது. லெவியின் தோளில் உள்ளங்கையையும் புறங்கையையும் துடைத்துக்கொள்கிறான். அதில் வெறுப்பு இல்லை, ஏளனமும் இல்லை. அவனுக்கு அந்தத் தோள் ஒரு துணி, அவ்வளவுதான்.

சுமார் 11 லட்சம் பேரைக் கொன்ற இடத்தை எந்த அலுவலகத்தோடும் ஒப்பிடக் கூடாது. ஆனால் எதிரே நிற்பவரை ஆளாகவே பார்க்காமல் வேலையை நடத்திவிடுவதற்கு முள்வேலி தேவையில்லை.

இப்போதெல்லாம் ஆள் உள்ளே வரும் முன்பே லேப்டாப்பை மூடிவிடுகிறோம். முதல் கேள்வி அவர் செய்த வேலையைப் பற்றித்தான். போன முறை வந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் திணறினார்.

“தமிழ்லயே சொல்லுங்கம்மா, புராஜெக்ட்ல என்ன பண்ணீங்க?”

பஜ்ஜிக் கடைகளில் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயின் அமில மதிப்பை, அதாவது அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அளவை, கண்டறிந்திருக்கிறார். எண்ணெய் கறுத்துப்போனதால் ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு கண்ணுக்குப் பிடிபடவில்லை. எண்ணெயின் அளவைக் குறைத்து, ஆல்கஹாலைக் கூட்டி அதைச் சமாளித்த விதத்தைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்தார். எங்கள் கேள்விகளை முந்திக்கொண்டு பதில் வந்தது.

அவரை எடுக்க அந்த முறை இடமில்லை. நானே போன் செய்து அதைச் சொன்னேன். எந்தெந்தக் கருவிகளில் கை பழக வேண்டும், அடுத்து எப்போது ஆள் எடுப்போம் என்பதையும் சொன்னேன்.