பூத் எங்கே என்று சொல்லும் ஊழியம்

பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் எனக்குத் தேர்தல் பணி என்றால் வாக்குச்சாவடிக்குள் ஒரு மேசை. பட்டியலில் பெயரைத் தேடுவேன். கிடைக்காவிட்டால், "உங்கள் பெயர் இதில் இல்லை அம்மா" என்று சொல்லி அனுப்ப வேண்டும். நல்ல புடவை கட்டி, அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தவர்கள் முகம் வாடித் திரும்புவார்கள். அட்டை இருந்தால் ஓட்டும் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எழுந்து போய் அவர்களுக்குச் சரியான சாவடியைக் காட்ட, மேசையில் இருப்பவரால் முடியாது. அது என்னை மிகவும் உறுத்தியது.

ஓய்வு பெற்ற பின் வந்தது 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். வடசென்னையில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வாலிபர்களும் சிலர் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய, வேதாகமத்தில் உள்ள கடிதம், நீங்கள் குடியிருக்கும் நகரத்தின் நலனைத் தேடுங்கள் என்கிறது. அந்நிய நகரத்துக்கே அப்படியென்றால், பிறந்து வளர்ந்த நகரத்துக்கு? ஞாயிறுதோறும் ஊருக்காக ஜெபிக்கிறோம். மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் அந்த ஜெபத்துக்கு வெளியே நிற்கலாகாது என்பது என் விசுவாசம்.

வைத்துக்கொண்ட கட்டுப்பாடு கடுமையானது. எந்த வேட்பாளரின் பெயரும் எங்கள் வாயில் வரக்கூடாது. வழிபாட்டு இடத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது நடத்தை விதி. நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போனோம். யாராவது ஜெபிக்கச் சொன்னால், "தேர்தல் முடிந்து வருகிறோம் அக்கா" என்றோம். ஓட்டையும் ஜெபத்தையும் ஒரே வாசலில் கலந்தால், கேட்பவருக்கு இரண்டின் மேலும் சந்தேகம் வரும்.

வாசல்களில் வெறுப்பைவிட மறதியே அதிகம் இருந்தது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல், கவுன்சிலர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். "கவுன்சிலர் இல்லாமலே ஓடிவிட்டதே, இனி எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஓடியதா ஐயா? போன மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது யாரிடம் போய்ச் சொன்னீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

மேயருக்குத் தனி ஓட்டு எங்கே என்றும் பலர் கேட்டார்கள். 2011இல் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இம்முறை கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது.

மனம் நொந்தது ஒரு கேள்வியில்தான்: "இன்னும் யாரும் பணம் கொண்டு வரவில்லையே?" ஓட்டுக்குப் பணம் வாங்குவது பாவம் என்று பிரசங்கம் செய்ய எங்கள் வாலிபர்களில் ஒருவர் வாயெடுத்தார். தடுத்தேன். அன்றாடக் கூலியை விட்டு வரிசையில் நிற்கப்போகிறவருக்கு முதலில் அந்தத் தொல்லையைக் குறைப்பதே சரி என்று பட்டது. அவர் பெயர் எந்தச் சாவடியில், எத்தனையாவது வரிசை எண்ணில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தோம்.

உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் வார்டுவாரியாகப் பிரிக்கப்படுவதால், சட்டமன்றத் தேர்தலில் போன அதே பள்ளிக்குப் போனால் ஏமாற்றம் நேரலாம். ஒரு வீட்டில் மாமியார் பெயர் ஓரிடத்தில், மருமகள் பெயர் இன்னோரிடத்தில் இருந்தது. மாமியாரைத் தனியாக அனுப்ப மருமகளுக்கு மனமில்லை. இருவருமே போகாமல் இருந்துவிட நினைத்திருந்தார்கள். பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் ஜமாஅத் இளைஞர் ஒருவர் தன் ஆட்டோவில் மாமியாரை அழைத்துப்போக முன்வந்தார். "யாருக்குப் போட வேண்டும் என்று இவர்கள் சொல்லவே இல்லையே" என்று அந்த அம்மா அவரிடம் வியந்தாராம். எங்களுக்குக் கிடைத்த நற்சான்று அது.

மாநிலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வாக்கு பதிவானபோது சென்னையில் பதிவானது சுமார் 43 சதவீதம்தான். அந்த எண்ணைக் கேட்டபோது எங்கள் குழுவில் சிலர் சோர்ந்துபோனார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் கடைசி நேரத்தில் கதவு தட்டினால் போதாது என்று புரிந்தது. பெயரே பட்டியலில் இல்லாதவருக்கு அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே இப்போது தேர்தல் இல்லாத மாதங்களிலும் ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டுக்கு வெளியே மேசை போட்டு உட்காருகிறோம். பதினெட்டு நிரம்பியவர்களுக்குப் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்கு முகவரியை மாற்றப் படிவம் 8. எந்த மதத்தவரும், எந்தக் கட்சிக்காரரும் வந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள்.