கீமோடாக்ஸிஸ் கேள்வியில் தொலையும் கழித்தல் குறி

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு முடிவு வந்துவிட்டது, இம்முறை தேர்ச்சி. உயிர் அறிவியல் பகுதி சி எழுதப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது: ஈ. கோலை பாக்டீரியா தனக்குப் பிடித்த வேதிப்பொருளை நோக்கி நீந்தும் கீமோடாக்ஸிஸ் சமிக்ஞைப் பாதையில் கழித்தல் குறியை, அதாவது ஒன்று மற்றொன்றை அடக்கும் இடத்தை, தொலைத்துவிடாதீர்கள். போன முறை எனக்கு 4 மதிப்பெண் அதில்தான் போனது, கூடவே 1 கழிவு.

மற்ற பாதைகளைப் படித்துப் படித்து, ஏற்பியில் லிகண்ட் (அதில் ஒட்டும் மூலக்கூறு) ஒட்டினால் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) கிளம்பும் என்று மனசு பழகிவிடுகிறது. இங்கே தலைகீழ். செல்லை ஈர்க்கும் ஆஸ்பார்டேட் (ஈர்ப்பி) அதற்கான டார் ஏற்பியில் ஒட்டினால் கீ-ஏ கைனேஸ் அடங்கும். கீ-ஒய் என்ற புரதத்தின் மீது பாஸ்பேட் ஏறுவது குறையும். பாஸ்பேட் ஏறிய கீ-ஒய்தான் கசையிழையைச் சுழற்றும் மோட்டாரின் ஃப்ளி-எம் புரதத்தில் ஒட்டி வலஞ்சுழியாக்கிச் செல்லை உருள (திசை மாற) செய்வது. அது குறைந்தால் இடஞ்சுழி நீடிக்கும், செல் நேராக நீந்தும்.

ரஃப் தாளில் முதலில் இந்த வரியைப் போடுங்கள் (⊣ அடக்குவது, → தூண்டுவது):

ஈர்ப்பி ⊣ கீ-ஏ → கீ-ஒய்-பாஸ்பேட் → உருளல்

பிறகு பிறழ்வுகள் (ஒரு புரதம் இல்லாத செல்கள்):
- கீ-ஏ, கீ-டபிள்யூ, கீ-ஒய் இல்லை: நேர் நீச்சல் மட்டும்.
- கீ-இசட் இல்லை: பாஸ்பேட்டைக் கழற்ற ஆளில்லை, ஓயாத உருளல்.
- கீ-ஆர் இல்லை: ஏற்பியில் மெத்தில் ஏறாது, நேர் நீச்சல்.
- கீ-பி இல்லை: மெத்தில் இறங்காது, உருளல்.

கடைசி இரண்டை மனப்பாடம் செய்ய வேண்டாம். மெத்தில் ஏறினால் கீ-ஏ வேகம் கூடும் என்பது தெரிந்தால் தானாக வரும்.

தகவமைப்பில்தான் (செல் தூண்டலுக்குப் பழகிக்கொள்வதில்தான்) நல்ல மாணவர்களும் வழுக்குகிறார்கள். ஆஸ்பார்டேட்டைக் கலந்து, அளவை அப்படியே வைத்துச் சில நிமிடம் விட்டால் எது மாறியிருக்கும்? உருளும் வீதம் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும், கீ-ஒய்-பாஸ்பேட்டும் அப்படியே. ஏற்பியின் மெத்தில் அளவு மட்டும் உயர்ந்தே நிற்கும். அந்த மெத்தில்தான் செல்லின் நினைவு. சற்று முன்பிருந்த செறிவோடு இப்போதையதை ஒப்பிட அதற்கு அதுவே அளவுகோல். ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் நீளச் செல், இரு முனைகளையும் ஒப்பிடாமல் காலத்தை ஒப்பிடுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

டிக்டியோஸ்டீலியம் (ஊர்ந்து போகும் அமீபா) வந்தால் மனசை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஒப்பீடு இடத்தில், செல்லின் இரு முனைகளுக்கிடையே: ஈர்ப்பி சைக்ளிக் ஏஎம்பி, செய்தியைக் கடத்துவது ஜி-புரதம், முன்முனையில் பிப்3 என்ற சவ்வுக் கொழுப்பை உண்டாக்கும் பிஐ3-கைனேஸ், பின்புறத்தில் அதை நீக்கும் பிடென். பிடென் இல்லாவிட்டால் பிப்3 பக்கவாட்டிலும் பரவி, பொய்க்கால்கள் கண்டபடி முளைக்கும்.

தந்துகிக் குழாய் சோதனை (ஈர்ப்பி நிரப்பிய நுண்குழாய்க்குள் நுழையும் பாக்டீரியாக்களை எண்ணுவது) வரைபடத்தில் அதிகச் செறிவில் கோடு இறங்கினால் "நச்சு" என்ற விடையைத் தொடாதீர்கள். ஏற்பிகள் நிறைந்துவிட்டதால் செறிவு வேறுபாட்டைச் செல்லால் உணர முடியவில்லை, அதுதான் காரணம். ரைபோஸுக்குப் போகாத பிறழ்வு ஆஸ்பார்டேட்டுக்குப் போனால் பழுது ரைபோஸை உணரும் டிஆர்ஜி ஏற்பிப் பக்கம். எதற்குமே போகாமல், ஆனால் நீந்தினால், கீ மரபணுவைப் பாருங்கள்.