மூன்று கம்பிக் கைப்பிடி

குன்னூரில் பழைய தேயிலைக் கிடங்கொன்றின் மாடியில் இருக்கும் எங்கள் பட்டறையில், சிறிய உலோகப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலையைப் பதினொரு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நிற்கும் வீரனின் உயரம் 54 மி.மீ. என்பது எங்கள் அளவு. வெலிங்டனைச் சுற்றிக் குடியேறிய ஓய்வுபெற்ற படை அதிகாரிகளே பெரும்பாலும் வாங்குபவர்கள். சட்டையின் சாயம் சற்று மாறியிருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், சேணத்தில் பிழை இருந்தால் பொறுக்க மாட்டார்கள்.

அவர்களில் ஒருவர், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் தலைமையில் விரைந்து வந்த 19ஆம் லைட் டிராகூன் என்னும் இலகு குதிரைப்படையினரை நான்கு குதிரைவீரர்களாக அமைத்துத் தரக் கேட்டார். வார்ப்புகளை விலைக்கு வாங்கினோம். பெட்டியின் மேல் அந்த ஆண்டே அச்சிடப்பட்டிருந்ததால் நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை. வேலை முடிந்து எடுத்துச் சென்றபோது, அவர் பூதக்கண்ணாடியை வாளின் பிடியருகே வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த வாள் அப்போது இன்னும் பிறக்கவே இல்லையே” என்றார்.

விரல்களைக் காக்க மூன்று கம்பிகள் வளைந்திறங்கும் அந்தப் பிடி, பிரிட்டிஷ் இலகு குதிரைப்படைக்கு 1821ஆம் ஆண்டு மாதிரியில் வந்தது. வேலூருக்கு வந்த வீரனின் கையில் இருக்க வேண்டியது 1796ஆம் ஆண்டு மாதிரி: அங்கவடியைப் (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையத்தைப்) போல் வளைந்த ஒற்றைப் பட்டைக் காப்பு, நன்றாக வளைந்து நுனியை நோக்கி அகலும் அலகு, வெட்டுவதற்கென்றே செய்த கனம். பிந்தைய வாளின் அலகோ ஒடுங்கியது, குத்தவும் ஏற்றது. இரண்டின் உறையும் இரும்பு, இரண்டிலும் இரண்டு வளையங்கள். ஆகவே வாள் உறைக்குள் இருக்கும் பொம்மையில் பிடிதான் தெளிவான சான்று. நான் பார்க்கத் தவறிய இடமும் அதுதான்.

அன்றிலிருந்து தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு வாரையும் விரலால் தொடர்ந்து சென்று, அது எதைத் தாங்குகிறது என்று கேட்டுக்கொள்கிறேன். தோளிலிருந்து குறுக்கே இறங்கும் அகன்ற வாரின் முனையில் கொக்கி இருந்தால், அதில் கார்பைன் என்னும் குட்டைத் துப்பாக்கி தொங்க வேண்டும். கொக்கி இருந்து துப்பாக்கி இல்லையென்றால் வார்ப்பில் ஏதோ உடைந்திருக்கலாம். இடைவாரிலிருந்து நீண்ட வார்களில் தட்டையான பை தொங்கினால் ஹுஸார் என்னும் இலகு குதிரைப்படை வகையை முதலில் நினைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவுசெய்யக் கூடாது. பூவேலை செய்த சேண விரிப்பு கண்ணைக் கவரும், கவனத்தையும் திருடும். வாங்குபவர்களும் முதலில் அதைத்தான் பாராட்டுகிறார்கள் என்பது எனக்குச் சிறு வருத்தம்.

குதிரையின் வாயைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர், முன்பு படைக்குதிரை லாயத்தில் வேலைசெய்து, இப்போது ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடும் பெரியவர். நான் நீட்டிய பொம்மையைத் திருப்பிப் பார்த்து, “வாயில ரெண்டு இரும்பு இருக்கு, லகான் ஒண்ணுதான இருக்கு? இன்னொண்ணை யாரு புடிக்கிறது?” என்றார். படைக்குதிரைகளுக்குக் கடிவாள இரும்பு இரட்டையாக இருப்பது வழக்கம், ஒவ்வொன்றுக்கும் தனி லகான் உண்டு என்பதை எந்தப் படமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

வேலூர்த் தொகுதியைத் திரும்பக் கொண்டுவந்து, நான்கு பிடிகளின் கம்பிகளையும் அரத்தால் தேய்த்து எடுத்து, மெல்லிய செம்புக் கம்பியைத் தட்டையாக்கி ஒற்றைக் காப்பாக வளைத்து ஒட்டினேன். அலகுகளுக்கு ஈயத் தகட்டால் அகலம் கூட்டினேன். ஆடி மாதச் சாரலில் எனாமல் வண்ணம் லேசில் காயாது என்பதால், மேசை விளக்கின் கீழ் அவை ஒன்பது நாள் நின்றன. அந்த ஒன்பது நாளில், விடுபட்டிருந்த இரண்டாவது லகான்களையும் நான்கு குதிரைகளுக்கும் கட்டி முடித்தேன்.