கெடுத்துப் பழக இரண்டு மரத்துண்டுகள்

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு 80 சென்ட் ரப்பர் தோட்டம். புயலுக்கு முன் 148 மரங்கள் இருந்தன. மறுநாள் காலை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கிளைகளுக்குள் புகுந்து எண்ணிப் பார்த்தபோது நின்றவை 63. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் எண்ணைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வேலி ஓரத்து மரம் நிற்கிறதா?" என்று மட்டும் கேட்டார். நின்றது.

அப்பா அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே பக்கவாதத்தில் விழுந்திருந்தார். வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்கவில்லை. பால் வெட்ட, அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பாலை வடியவிட, ஓர் ஆளை வைத்திருந்தோம். 63 மரத்துக்காக அவர் எப்படி வருவார்? ஒரு காலையில் 300, 400 மரம் வெட்டினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அவர் நேரில் வந்து சொல்லிவிட்டே போனார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கணவர் வளைகுடாவில். அம்மாவுக்கு மூட்டுவலி. அன்று இரவு அப்பா என்னைப் பார்த்து, "இனி நீதான் வெட்ட வேண்டும், மக்களே" என்றார். எனக்கு அப்போது 34 வயது. ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள்தான். சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றியிருக்கிறேன், வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பிய்த்திருக்கிறேன், பாலை உறையவைத்து ஷீட் அடித்திருக்கிறேன். கத்தியை மட்டும் தொட்டதில்லை. என் கைக்கு அது வராது என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்னுடையது இடக்கை. நான் படித்த பள்ளியில் இடது கையில் பென்சில் பிடித்தால் விரல் கணுவிலேயே அடி விழும். வீட்டில் ஆச்சி, இடக்கையால் எதையும் கொடுக்காதே என்பார். வலக்கையில் எழுதக் கற்றுக்கொண்டேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தையல் வகுப்புக்குப் போனேன். அங்கே கத்தரிக்கோலை இடக்கையில் எடுத்தால் துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொள்ளும். பக்கத்தில் இருந்தவள் அதே கத்தரிக்கோலை வாங்கி ஒரே இழுப்பில் வெட்டுவாள். மூன்று மாதத்தில் நின்றுவிட்டேன். சாதாரணக் கத்தரிக்கோலின் அலகுகள் வலது கைக்காரர் அழுத்தும்போது நெருங்கும்படியும், இடது கையில் பிடித்து அழுத்தினால் விலகும்படியும் அமைந்தவை என்பதை நான் அறிந்தபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கருவியில் இருந்த கோணலை என் உடம்பில் இருந்த குற்றமாக இத்தனை ஆண்டுகள் சுமந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது. எத்தனை பிள்ளைகள் இப்படி ஏதோ ஒரு கத்தரிக்கோலை நம்பித் தங்களை நம்பாமல் போனார்களோ.

விழுந்த மரங்களை வாங்க வியாபாரி லாரியோடு வந்தபோது, அப்பா இரண்டு துண்டுகளை மட்டும் கொடுக்கவில்லை. ஆள் உயரத் துண்டுகள். அவற்றை வீட்டின் பின்புறம் குழி தோண்டி, உயிர் மரம்போல் நேராக நடச் சொன்னார். "இதில் வெட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் கெடு. இது செத்த மரம், உன்னால் இதற்கு ஒரு கேடும் வராது" என்றார்.

பால்வெட்டு என்பதை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் சாதாரண வேலை என்று நினைப்பார்கள். அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பால் ஊறுவது பட்டையில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. புதுப் பட்டை வளர்வது அதிலிருந்துதான். பால்குழாய்கள் அந்தப் படலத்தை ஒட்டிய உள்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. பயந்து மேலோடு வெட்டினால் பால் சிரட்டையின் அடியை நனைப்பதோடு சரி. துணிந்து ஆழமாக இறக்கினால் அன்று பால் கொட்டும். ஆனால் படலம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். கத்தி நிற்க வேண்டிய இடம் படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால். அங்கே கண்ணுக்கு ஒரு அடையாளமும் கிடையாது. கைதான் உணர வேண்டும். அதோடு, மரத்தில் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை, சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அந்தச் சாய்வை மரம் தீர்மானித்துவிட்டது. வெட்டுகிறவரின் வசதிக்கு அது மாறாது.

நட்ட துண்டுகளில் முதல் வாரம் முழுதும் வலக்கையால் வெட்டினேன். கத்தி வழுக்கியது, குதித்தது, கட்டைவரை இறங்கியது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்துக் காட்ட அவருக்குக் கை இல்லை. வாயால் விளக்க வார்த்தை வரவில்லை. நாற்பது ஆண்டுகள் செய்த வேலையைச் சொல்லத் தெரியாமல் அவர் பட்ட வேதனை எனக்கு என் தோல்வியைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் மேலைத் தோட்டத்தில் பால் வெட்டும் அக்கா ஒருவரை அவர் அழைத்துவரச் சொன்னார். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைவிடக் குள்ளம், ஒல்லி. அவர் வந்து பத்து நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, "நீ இடக்கைக்காரிதானே? தண்ணீர் இறைத்தபோது பார்த்தேன். கத்தியை ஏன் இந்தக் கையில் பிடிக்கிறாய்?" என்றார்.

"வலக்கையில்தானே வெட்டுவார்கள்?"

"எந்தக் கை என்று மரமா பார்க்கிறது? அது ஆழத்தைத்தான் பார்க்கும்."

எங்கள் பக்கத்தில் வெட்டுவது இழுத்து வெட்டும் கத்தி. இரண்டு கையும் அதில் இருக்கும். ஒரு கை வழி காட்டும், மற்றது கூட வரும். அக்கா என் இரண்டு கைகளையும் இடம் மாற்றி வைத்தார். தன் கைகளை என் கைகள்மேல் வைத்து ஒரு வெட்டு இழுத்தார். நாடாபோல் ஒரே சீராகப் பட்டை சுருண்டு விழுந்தது. இரண்டாவது வெட்டில் அவர் கையின் அழுத்தம் பாதியானது. ஐந்தாவது வெட்டில் அவர் கை என் கைமேல் இல்லை; எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரியில் உயிர் மரத்துக்கு வந்தேன். வேலி ஓரத்து மரம். காலை ஐந்து மணி, தலைவிளக்கு வெளிச்சம். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழந்து பட்டைக்குள் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால் விடியும் முன்பே வெட்டிவிட வேண்டும். முதல் நாள் மூன்று இடத்தில் காயம் செய்தேன். பால் வந்தது. வெட்டின் சரிவில் வெள்ளையாக ஓடி, தகரச் சில்லில் இறங்கி, சிரட்டையில் சொட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன். 63 மரத்தை முடிக்க அன்று மூன்று மணி நேரம் ஆனது. இன்று ஒன்றேகால் மணி நேரம் போதும்.

என் மகள் பி.எட். படிக்கிறாள். உளவியல் பாடத்தைச் சத்தமாக வாசிப்பது அவள் பழக்கம். ஒருநாள் ஆல்பர்ட் பண்டூரா என்பவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர். பாம்புக்குப் பயந்து நடுங்குகிறவர்களை வைத்து அவர் ஆய்வு செய்திருக்கிறார். முதலில் ஒருவர் பாம்பைக் கையாள்வதை அவர்கள் பார்க்க வேண்டும். பிறகு அருகே வர வேண்டும். அப்புறம் உதவியோடு தொட வேண்டும். உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிவிடுவார்கள். கடைசியில் அவர்கள் தனியாகவே பாம்பைக் கையில் எடுப்பார்கள். அந்தப் பயம் போனவர்களுக்கு வாழ்க்கையில் வேறு இடங்களிலும் துணிவு வந்ததாம். அடுப்படியில் நின்றபடி கேட்ட எனக்கு, அக்காவின் கை என் கைமேல் இருந்த கனம் மறுபடி தெரிந்தது.

1977-இல் அவர் எழுதிய கட்டுரையில், தன்னால் இயலும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வரும் என்கிறாராம்: தானே செய்து வென்றது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் ஊக்கிச் சொன்னது, தன் உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் வலிமையானது முதலாவது. ஊக்கிச் சொல்வது மட்டும் நெடுநாள் நிற்காது. "உன்னால் முடியும்" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். நான் நம்பவில்லை. நம்புவதற்கு என் கையில் ஒரு சாட்சியும் இல்லையே. அப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னவர் அல்லர். கெடுத்துப் பழக இரண்டு மரத்துண்டுகளை நட்டுவைத்தார்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது எங்கள் மண்ணில் இருப்பது. அம்மாவின் ஊர் சாமிதோப்புக்குப் பக்கம். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போது தாத்தா என்னை, அய்யா வைகுண்டரின் வழியில் வந்தவர்கள் கும்பிடும் இடமான நிழல் தாங்கலுக்கு அழைத்துப் போவார். உள்ளே நுழையும் முன் தோளில் கிடக்கும் தோர்த்தைத் தலையில் சுற்றித் தலைப்பாகை கட்டிக்கொள்வார். உள்ளே சிலை இருக்காது. கண்ணாடி இருக்கும், முன்னே விளக்கு எரியும். கும்பிடுகிறவருக்குத் தன் முகமே தெரியும். "தாத்தா, சாமி எங்கே?" என்று கேட்டேன். "யார் தெரிகிறார்கள்?" என்றார். "நான்தான் தெரிகிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நெற்றியில் நாமம் இட்டுவிட்டார்.

அந்தத் தலைப்பாகைக்குப் பின்னால் இருந்த வரலாற்றைப் பிற்பாடு படித்தேன். அய்யா வைகுண்டர் வாழ்ந்தது 1809 முதல் 1851 வரை. அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண் மார்பை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. கூலி இல்லாத ஊழிய வேலை வேறு. அப்படிப்பட்ட மக்களைத் தலைப்பாகையோடு வந்து கும்பிடச் சொன்னார் அவர். அரசு அவரைச் சிறையில் அடைத்தது. தோள்சீலைக்கான போராட்டம் தலைமுறைகளைத் தாண்டி நடந்து, நாடார் பெண்கள் மேலாடை அணிய 1859-இல்தான் அரசு ஆணை வந்தது. ஆணை வந்த பிறகு அவர்கள் தலைநிமிரவில்லை; நிமிர்ந்து நின்று அடிபட்டதால் ஆணை வந்தது. குனிந்தே இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்த ஊரில், கண்ணாடி முன் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்ப்பது ஒரு மனிதனுக்குள் எதை மாற்றியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். எனக்குக் கத்தி வந்தபோது நடந்ததும் அதன் சிறு துளிதான்.

தன்னம்பிக்கை எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனி ஆடி மழையில் மரத்துக்கு மழைக்காப்பு கட்டாவிட்டால், எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் சிரட்டையில் தண்ணீர்தான் இருக்கும். ஷீட் விலை இறங்கினால் இறங்கியதுதான். தையல் வகுப்பில் என்னிடம் எவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தாலும், அந்தக் கத்தரிக்கோல் இடக்கைக்கு வெட்டியிருக்காது. யாராவது எனக்கு ஏற்ற கத்தரிக்கோலைத் தந்திருக்க வேண்டும். ஆகவே ஒருவரிடம் நம்பிக்கை இல்லை என்று பேசுவதற்கு முன், அவர் கையில் என்ன கருவி கொடுத்தோம், தவறு செய்து பழக என்ன இடம் கொடுத்தோம் என்று கேட்க வேண்டும். என் மகளிடம் இதை மட்டும் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக்காக அவள் போன பள்ளியில், நான்காம் வகுப்பில் ஓர் இடக்கைப் பையன் இருந்தானாம். பெஞ்சில் அவன் முழங்கை பக்கத்துப் பையன்மேல் இடித்து இருவருக்கும் தினமும் சண்டை. அவள் அவனை இடது ஓரத்தில் உட்காரவைத்தாள். சண்டை நின்றது.

புயலில் போன இடத்தில் 2019-இல் புதுக் கன்றுகள் வைத்தோம். ரப்பர் வெட்டுக்கு வர ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வர வேண்டும். அப்பா இப்போது கைத்தடியோடு தோட்டம்வரை நடக்கிறார். கயிறு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி அளந்து பார்க்கிறார். முடிச்சைப் பிடிக்க நான் கூடவே போகிறேன்.

நட்ட துண்டுகள் இரண்டும் கறையான் ஏறி எப்போதோ மட்கிவிட்டன. வேலி ஓரத்து மரத்தில், நான் முதல் நாள் காயம் செய்த இடத்தில், பட்டை மூன்று முண்டுகளாகத் திரண்டு நிற்கிறது. வெட்டு இப்போது மரத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் அது முடிந்து, புதுப்பட்டை முற்றிய இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வர வேண்டும். கத்தி அந்த மூன்று முண்டுகளையும் கடந்துதான் போக வேண்டும். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் விரலால் அவற்றைத் தடவி, எவ்வளவு மேடு, எங்கே சரிவு என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன்.