புகாட்டி 35 முன் அச்சு: ஐந்தாவது முயற்சியும் முலூஸ் அருங்காட்சியகமும்

நான் செய்துகொண்டிருக்கும் மாடல் காரில் நான்கு முறை கெட்டுப்போன முன் அச்சு ஐந்தாவது முறை வழிக்கு வந்திருக்கிறது. வேலை இன்னும் முடியவில்லை, ஆனால் ஸ்பிரிங் பட்டை இரண்டு துளைகளிலும் ஆட்டமில்லாமல் நேராகப் புகுந்து மறுபக்கம் வருகிறது. முந்தாநாள் இரவு அதைப் பார்த்ததிலிருந்து கை பரபரக்கிறது, எழுதிவிடுகிறேன்.

1/8 அளவில் புகாட்டி டைப் 35, 1920களின் பிரெஞ்சுப் பந்தயக் கார். கிட் கிடையாது, பித்தளையும் அலுமினியமும் வாங்கி எல்லாமே கையால். நிஜக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.4 மீட்டர், ஆக மாடலில் 30 சென்டிமீட்டர்; முன் அச்சில் சக்கரத்துக்குச் சக்கரம் 15 சென்டிமீட்டர். அந்த 15 சென்டிமீட்டர்தான் எட்டு மாதத்தைத் தின்றுவிட்டது. அந்தக் காலத்து மற்ற கார்களில் ஸ்பிரிங்கை அச்சின் மேல் உட்காரவைத்து யூ-போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். இந்தக் காரைச் செய்த எத்தோரே புகாட்டி அச்சிலேயே சதுரத் துளை விட்டு ஸ்பிரிங்கை அதற்குள் நுழைத்துவிட்டார். போதாததற்கு அச்சின் நடுப்பகுதி உள்ளே வெற்றுக்குழாய். 1924 லியோன் கிராண்ட் பிரீ பந்தயத்தில் இறங்கிய காரில் இப்படி ஒரு அச்சு என்பதை நினைத்தாலே எனக்கு இன்றும் புல்லரிக்கும்.

முதல் முயற்சியில் உருண்டைக் கம்பியைத் துளைத்தேன். வளைந்த பரப்பில் டிரில் முனை வழுக்கி ஒரு துளை கோணலானது. இரண்டாவது, பித்தளைக் குழாயை வெட்டி நடுவே ஸ்பிரிங் நுழையும் சிறு பெட்டி வைத்து வெள்ளிப் பற்று, அதாவது வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டுவது. நன்றாகத்தான் நின்றது, ஆனால் பாலிஷ் போட்டதும் பற்றவைத்த கோடு வெள்ளையாகப் பல்லிளித்தது. மூன்றாவதில் அந்தக் கோடு தெரியாமல் அரத்தால் இழைத்துவிட்டேன், முனையை வளைக்கும்போது குழாய் நசுங்கியது, உள்ளே மணல் அடைத்திருந்தும். நான்காவதில் வலப்பக்கப் பெட்டியைப் பற்றவைத்த சூட்டில் இடப்பக்கப் பெட்டி இளகி நகர்ந்தது. நனைத்த துணியைச் சுற்றியும் பயனில்லை.

அப்புறம் ஒரு பயணத்தில் பிரான்சின் கிழக்கு ஓரமாகப் போக வேண்டி வந்தது. புகாட்டிகள் பிறந்த மோல்ஸ்ஹைம் இருக்கும் அதே அல்சாஸ் பகுதி. ஒரு முழு நாளை முலூஸ் நகரத்துக் கார் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கினேன். ஷ்லும்ப் சகோதரர்கள் தங்கள் நூல் ஆலையில் சேர்த்துவைத்த கார்கள் இவை. 1977-ல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் அங்கே என்ன இருக்கிறது என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 1982-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். புகாட்டியின் பிரம்மாண்டமான சொகுசுக் கார்களான ராயல் இரண்டு நிற்கின்றன, 12.7 லிட்டர் எஞ்சின், ரேடியேட்டர் மேல் யானைச் சிற்பம். எல்லோரும் அங்கேதான் கூடுகிறார்கள். நான் பத்து நிமிடத்தில் நகர்ந்து நீல நிற 35களின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கூடத்தில் பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்து விளக்குக் கம்பங்களைப் போலவே செய்த கம்பங்கள் ஏறக்குறைய 800 இருக்கின்றன. அந்த விளக்குகளின் ஒளி அச்சின் மேல் ஒரு கோடாக ஓடுகிறது. தலையை மெல்ல அசைத்துக்கொண்டே பார்த்தேன்: உருண்டைப் பகுதியில் ஓடிவந்த கோடு துளைக்கு அருகில் அகன்று, பெட்டியின் மேல் ஏறி, மறுபக்கம் அப்படியே இறங்கிச் சேர்கிறது. எங்கும் அறுபடவில்லை. குழாயில் பெட்டியை ஒட்டியதாகவே நான் இத்தனை நாள் நினைத்து வேலை செய்திருக்கிறேன். ஆனால் அது ஒரே உலோகம், பெட்டி இருந்த இடத்திலேயே இருக்க மற்றப் பகுதி உருண்டையாகியிருக்கிறது. புகைப்படத்தில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அதில் தலையை அசைக்க முடியாது.

வேலையின் வரிசையை அங்கேயே நோட்டில் மாற்றி எழுதினேன். சதுரப் பித்தளைக் கம்பியில் தொடங்க வேண்டும். தட்டைப் பரப்பு, வைஸில் நேராக நிற்கும், டிரில் வழுக்காது. முதலில் துளை, பிறகு சதுர அரம், அதற்குப் பிறகு துளைக்குள் பித்தளைத் துண்டு ஒன்றை இறுக்கமாகச் செருகிவிட்டு லேத்தில் ஏற்றி நடுவையும் முனைகளையும் உருண்டையாகக் கடைய வேண்டும். வளைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். பற்றவைப்பே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கம்பி வரவழைத்தேன். வழக்கமாக வாங்கும் இடத்தில் 8 மில்லிமீட்டர் என்று அனுப்பியது 7.8 இருந்தது, மூலைகளும் மழுங்கியிருந்தன. இந்த வேலைக்கு மூலைதான் அளவே, திருப்பி அனுப்பினேன். வேறு இடத்திலிருந்து வந்தது கச்சிதம். சதுர அரம் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் பல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு சுவரை இழைக்கும்போது பக்கத்துச் சுவரைத் தின்னாது. துளை ஒவ்வொன்றுக்கும் மூன்று மாலை ஆனது. ஸ்பிரிங்குக்குப் பழைய கடிகாரச் சுருளை வெட்டி ஐந்து பட்டையாக அடுக்கியிருக்கிறேன்.

அடுத்து சக்கரம். எட்டு தட்டை ஆரங்கள், பிரேக் டிரம் சக்கரத்தோடு சேர்த்தே வார்த்தது. சிலிகோனில் வார்ப்பு அச்சு எடுத்து ரெசின் ஊற்றலாம் என்றிருந்தேன், முலூஸில் அந்த அலுமினியத்தைப் பார்த்த பிறகு ரெசினுக்கு மனம் ஒப்பவில்லை. அலுமினியக் கட்டியிலேயே கடைந்து பார்க்கலாமா என்று அளவுகள் வரைந்துகொண்டிருக்கிறேன்.

நடுப்பகுதியை உள்ளே குடைவதா வேண்டாமா என்பது மட்டும் பாக்கி. வெளியே தெரியாது, ஆனாலும் குடையத்தான் போகிறேன், முனையிலிருந்து 2 மில்லிமீட்டர் டிரில் விட்டு. இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்க வேண்டும். ஸ்பிரிங் துளைகள் வழியே எட்டிப் பார்த்து டிரில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க முடியும், ஆகவே செருகுத் துண்டுகளை அதற்கு முன் போடப் போவதில்லை.