முதலில் அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள்

பழைய புல்லட் வழியில் நின்றுபோனால் நம் ஊரில் முதலில் வரும் பேச்சு, "காயில் போயிருக்கும், மாத்திடலாம்." பிளக்குக்குப் பொறி தரும் அந்தக் காயிலை மாற்றியும் சரியாகவில்லை என்றால் பிளக், அப்புறம் காயிலுக்குப் போகும் கரண்டை மூடித் திறக்கும் பாயிண்ட் செட், கடைசியில் வயரிங் முழுக்க. பணம்தான் கரைகிறது, கோளாறு எங்கே என்று யாரும் தேடுவதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். அதனால் ஒரு நல்ல காயிலைக் குற்றம் சொல்லிக் கழற்றிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படும்.

தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் மாமாவின் வண்டிக்கும் இதுதான் நடந்தது. தொண்ணூறுகளில் வந்த 350, 12 வோல்ட், பாயிண்ட் இக்னிஷன். காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும். புதுச்சேரி ரோட்டில் ரெட்டிச்சாவடி தாண்டி கிருமாம்பாக்கம் நெருங்கும்போது மிஸ் அடிக்க ஆரம்பித்து நின்றுவிடும். நிழலில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் மறுபடி ஓடும். புதுக் காயில், புது பிளக் எல்லாம் போட்டாகிவிட்டது. "வித்துடலாம்னு பாக்கறேன் மாப்ளே" என்றார். "கொஞ்சம் பொறுங்க மாமா, சூடா நிக்கும்போது நான் பாக்கணும்" என்று சொல்லி அவரோடு கிளம்பினேன்.

புல்லட்காரர்களுக்கு ஹெட்லைட் மேலே இருக்கும், கரண்டைக் காட்டும் அம்மீட்டர் புதிதல்ல. சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் உதைப்பார்கள். பல பேர் அதை ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், கோளாறு கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி வண்டியில் இல்லை. காயிலுக்குப் போகும் கரண்ட் அந்த மீட்டர் வழியாகத்தான் போகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்குத் திரும்பும்.

ஆகவே சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி முள்ளைப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் எங்கோ கரண்ட் அறுந்திருக்கிறது: ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், காயில் முனை, இல்லை அழுக்குப் பிடித்த பாயிண்ட். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலும் பாயிண்ட்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அந்த வெள்ளத்துக்கு அப்புறம் நான் திறந்து பார்த்த பாயிண்ட்களில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. முள் மைனஸிலேயே நின்று திரும்பவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அந்த வயர் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது பாயிண்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர் (கரண்டைக் கொஞ்ச நேரம் வாங்கி வைக்கும் சின்ன உருளை) உள்ளுக்குள் ஷார்ட். முள் ஒழுங்காகப் போய் வருகிறது, ஆனாலும் பிளக்கில் நெருப்பு இல்லை என்றால் பேட்டரி, ஸ்விட்ச், வயரை எல்லாம் விட்டுவிடலாம். மீதி இருப்பது கண்டென்சர், காயிலின் ஹைடென்ஷன் (அதிக வோல்டேஜ்) பக்கம், பிளக் கேப், பிளக் ஆகியவைதான்.

ஒரு எச்சரிக்கை: பார்த்து முடித்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் நல்ல காயிலும் சூடேறிக் கெட்டுவிடும்.

மாமாவின் வண்டி வழக்கம்போல கிருமாம்பாக்கத்துக்கு முன்னாலேயே நின்றது. முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். அந்த மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே மாதிரி நின்று நின்று ஓடும். அப்படி எதுவும் இல்லை. முள் அழகாகப் போய் வந்தது. பிளக்கைக் கழற்றி, கேப்பை மாட்டி, பிளக்கின் உடம்பை என்ஜின் ஹெட்டில் பெட்ரோல் வாடை படாத இடத்தில் வைத்தோம். மாமா கிக் அடித்தார். பிளக்கில் மெலிந்த மஞ்சள் பொறி, சத்தமே இல்லை. பாயிண்ட் மூடியைத் திறந்து பார்த்தால் அங்கே பளீரென்று பெரிய பொறி. பாயிண்ட் முகம் கருநீலமாகக் கருகியிருந்தது.

பொறி பாயிண்டில் பெரிதாகவும் பிளக்கில் சின்னதாகவும் வந்தால் கண்டென்சரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் ஓடிய கரண்ட் சட்டென்று நின்றால்தான் ஹைடென்ஷன் பக்கம் வோல்டேஜ் எகிறும். கண்டென்சர் அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ளாவிட்டால் அது பாயிண்ட் இடைவெளியிலேயே பொறியாகத் தாவிப் போகும், காயிலுக்கு வேகம் கிடைக்காது. கண்டென்சர் சூடேறினால் உள்ளே இணைப்பு விடுவது சகஜம். புல்லட்டில் அது என்ஜினை ஒட்டி, பாயிண்ட் இருக்கும் அதே டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

என் பையில் பழைய காரின் கண்டென்சர் ஒன்று, இரண்டு கிளிப் வைத்துத் தயாராக இருக்கும். காரோ புல்லட்டோ, கண்டென்சர் அளவு எல்லாம் 0.2 மைக்ரோஃபாரட் பக்கம்தான். பழையதைக் கழற்றாமலே பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் அதை மாட்டினேன். பிளக்கில் நீலப் பொறி, சடக் சடக் என்று சத்தம். வண்டி ஆறுவதற்குக் காத்திருக்காமல் அந்தச் சூட்டிலேயே ஸ்டார்ட் ஆனது. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மல்டிமீட்டர் வைத்துக் காயிலை அளந்து மட்டும் இந்த முடிவுக்கு வர முடியாது. ஓம்ஸ் சரியாகக் காட்டும் காயிலும் ஹை வோல்டேஜில் கசியலாம். அதே சூட்டில், அதே இடத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் சேர்த்துப் பார்ப்பதுதான் நம்பிக்கையான சோதனை.

வீட்டுக்கு வந்ததும் கருகிய பாயிண்டை நைஸ் அரத்தால் சமமாக்கினேன். உப்புத்தாள் போடாதீர்கள், அதன் மணல் பாயிண்டில் புதைந்துகொள்ளும். பிறகு கெட்டியான வெள்ளை அட்டையை நடுவில் விட்டு, கறை வராத வரைக்கும் இழுத்தேன். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் வைத்து அளக்க வேண்டும். இடைவெளியை மாற்றினால் பொறி வரும் டைமிங்கும் நகரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

புதுக் கண்டென்சரை டப்பாவுக்குள் போடவில்லை. டேங்க்குக்கு அடியில் காயில் பக்கத்தில், பெயிண்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, வயரைப் பாயிண்ட் முனைக்கு இழுத்துவிட்டேன். என்ஜின் சூடு அங்கே படாது. பழையதைக் கழற்றி எடுத்தாயிற்று. மாமா விற்கும் பேச்சை விட்டுவிட்டார். பேட்டரியில் இருக்கும் வோல்டேஜுக்கும் காயில் முனையில் வரும் வோல்டேஜுக்கும் இன்னும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, எனக்குச் சாவி ஸ்விட்ச் மேல்தான் சந்தேகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் திறக்கப் போகிறோம்.